ஹட்டன் பக்கம் வீட்டுக்கு வரும் மரக்கறிப் பை: எட்டு மாதம் வாங்கிய பிறகு

"கொட்டகலைல இருந்துகிட்டு காசு கட்டி வீட்டுக்கு மரக்கறி எடுக்குறியா?" என்று கொழும்பில் இருக்கும் என் அண்ணன் போனில் விழுந்து விழுந்து சிரித்தார். நியாயமான சிரிப்புதான். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் ஏற்றிய லீக்ஸும் கரட்டும் கோவாவும் (முட்டைக்கோஸ்) எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிற பாதையால்தான் லொறி லொறியாக இறங்குகின்றன, வளைவில் டிரைவர் கொஞ்சம் அழுத்திப் பிரேக் போட்டால் இரண்டு கரட் எங்கள் வாசலுக்கே உருண்டு வரும். ஆனாலும் 2025 ஜூலையில் இருந்து புதனும் சனியும் ஆட்டோவில் வரும் இந்த மரக்கறிப் பையை விடாமல் எடுக்கிறோம். பெயரை எழுதவில்லை, நடத்துபவர்கள் ஒரு இளம் புருசனும் பொண்டாட்டியும், குறையும் சொல்லப் போகிறேன். ஹட்டன், கொட்டகலைப் பக்கம் இருப்பவர்களுக்கு எந்த ஆட்டோ என்று சொல்லாமலே தெரியும்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான் டீச்சர், வீட்டுக்காரருக்கு ஹட்டனில் வேலை, மகள் எட்டாம் ஆண்டு, மகன் மூன்றாம் ஆண்டு, அப்புறம் மாமி. பின்னேரம் நான் வீட்டுக்குள் காலை வைக்கும்போது ஐந்து மணி, மகளை டியூஷனுக்கு அனுப்பி, மகனின் கொப்பியைப் பார்த்து, நாளைக்கான உடுப்பை எடுத்து வைத்து நிமிர்ந்தால் ஏழு மணி. அந்த ஏழு மணிக்கு யார் வல்லாரை ஆய்வது? பருப்பு, முட்டை, சோயாமீட், இல்லாவிட்டால் ஒரு டின் மீன். அதுதான் எங்கள் ராச்சாப்பாடு. மரக்கறி இல்லாமல் இல்லை, ஞாயிறு சந்தையில் பத்துப் பன்னிரண்டு கிலோ அள்ளிக்கொண்டுதான் வருவோம். வியாழக்கிழமை ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டை இழுத்தால் கீரை மஞ்சள், போஞ்சியில் கறுப்புப் புள்ளி, பைக்குள் தண்ணி விட்டுப்போன தக்காளி. வாரா வாரம் காசு கொடுத்து வாங்கி, வாரா வாரம் குப்பைக்குப் போட்டோம்.

இந்தச் சேவையின் நல்ல விசயம் எதுவென்று கேட்டால் மரக்கறி என்று சொல்ல மாட்டேன், மரக்கறி எங்கேயும் இருக்கிறது. ஒரே தடவையாகப் பத்துக் கிலோவைக் கொட்டாமல் ஐந்து ஐந்து கிலோவாக இரண்டு நாளில் தருகிறார்கள், அதுதான். புதன் பை சனி வரைக்கும் தாங்கினால் போதும். அதோடு பைக்குள் கையால் எழுதின ஒரு துண்டு வரும், "முதல் கீரை, பிறகு போஞ்சி, தக்காளி, கடைசியாக பீற்றூட், கோவா" என்று. இதென்ன பெரிய வித்தையா என்று முதல் வாரம் நினைத்தேன், ஆனால் அந்தத் துண்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியதிலிருந்து இன்றைக்கு என்ன சமைக்கிறது என்ற கேள்வியே எங்கள் வீட்டில் கேட்பதில்லை. மகளே பார்த்துவிட்டு போஞ்சியை எடுத்து நார் உரித்து வைக்கிறாள்.

கீரையை வேர் நறுக்கி, பழுத்த இலை பொறுக்கி, பழைய பேப்பரில் சுற்றித் தருகிறார்கள். கழுவித் தருவதில்லை, அதுவும் நல்லதுதான், ஈரக் கீரை இரண்டு நாளில் வழுவழுத்துவிடும். கரட்டும் மண்ணோடு வரும். எங்கள் வீட்டுக்காரர் முதல் நாளே முகம் சுழித்தார், சந்தையில் பளபளவென்று கழுவின கரட் கிடைக்கும்போது இது என்ன சேறு என்று. மண்ணோடு இருக்கிற கரட் இரண்டு வாரமானாலும் ஒடிந்தால் படக்கென்று ஒடியும், கழுவினது ஒரு வாரத்தில் தோல் கறுத்து வளையும், இதை அவருக்குப் புரியவைக்க ஒரு மாதம் போனது. உருளைக்கிழங்கிலும் மண் இருக்கும், ஆனால் மண்ணைப் பார்த்து நம்பிவிடாதீர்கள், இறக்குமதிக் கிழங்கில் சிவப்பு மண்ணைப் பூசி நுவரெலியாக் கிழங்கு என்று விற்கும் கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். இவர்களிடம் எனக்கு இதுவரை அப்படி அகப்படவில்லை.

இனி மாமியின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பைக்கு எங்கள் வீட்டில் முதல் எதிரி அவர்தான். "காசு குடுத்துக் கீரை வாங்குற காலமும் வந்துருச்சா" என்று முதல் இரண்டு வாரம் பையைத் தொட்டும் பார்க்கவில்லை. முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர், லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி போட்டு லீக்ஸும் முள்ளங்கியும் நோக்கோலும் (நூல்கோல்) வளர்த்தவர். ஆனால் ஒரு நாள் அவரே சொன்னார், நல்லதெல்லாம் விற்கப் போய்விடும், வெடித்த நோக்கோலும் பூச்சி தின்ற கோவாவும்தான் வீட்டுச் சட்டிக்கு வந்தது என்று. 2016இல் எடுத்த தேசிய குடிசன சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுதுக்கும் 17 வீதம், பெருந்தோட்டப் பகுதியில் 32 வீதத்துக்குக் கிட்ட. அதற்குக் காரணம் மரக்கறி மட்டுமில்லை, தெரியும். ஆனால் லொறிக்கு ஏறுவது ஒன்று, லயத்துச் சட்டிக்கு வருவது இன்னொன்று என்பதை மாமியின் வாயால் கேட்ட பிறகு அந்த எண் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

அந்த மாமிதான் மூன்றாவது வாரம் பீற்றூட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு "இதோட எலய எங்க வெட்டிப் போட்டானுங்க?" என்று கேட்டார். சந்தையில் யாரும் இலையோடு விற்பதில்லை, அதனால் எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அடுத்த தடவை பை கொண்டு வரும் தம்பி வந்தபோது மாமியே வாசலில் நின்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் பையில் பீற்றூட், நோக்கோல், முள்ளங்கி எல்லாம் இலையோடுதான் வரும், அதற்குத் தனிக் காசும் இல்லை. வந்த உடனே இலையை வெட்டிப் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை தண்ணியை இழுத்துக் கிழங்கைத் துவள வைத்துவிடும். அந்த இலையைச் சன்னமாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ போட்டு, அடுப்பில் இரண்டு நிமிசம் பிரட்டி இறக்கி, தேசிக்காய் பிழிந்தால் ஒரு மல்லுங். முள்ளங்கி இலை கொஞ்சம் காறும், கருவாட்டுத் துண்டு ஒன்றைப் பொரித்து உடைத்துப் போட்டால் சரி. லீக்ஸின் பச்சைப் பகுதியை நான் இத்தனை வருசமும் குப்பைக்குப் போட்டு வந்தேன், அதைத்தான் மாமி மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டி மகனுக்கு ரொட்டியோடு கொடுக்கிறார், அவன் என்னவென்று கேட்காமல் சாப்பிடுகிறான். ஐந்து கிலோ பையில் இப்படி இரண்டு கறி சும்மா வருகிறது.

ஒன்றை மட்டும் எங்களால் இன்னும் நிறுத்த முடியவில்லை, சாப்பிட்ட கையோடு பிளேன்டீ. கீரையில் இருக்கும் இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலைச் சாயம் தடுக்கும், தேசிக்காய்ப் புளி கூட்டும். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து நானே பிளேன்டீ குடிக்கிறேன். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கப் பழகுகிறோம், பார்ப்போம்.

சரி, காசு. ஐந்து கிலோ பை 1,900 ரூபாய், வாரத்துக்கு 3,800. நான் இரண்டு வாரம் சமையல் தராசில் நிறுத்துப் பார்த்து, அதே சாமானைச் சந்தை விலையோடு ஒப்பிட்டேன், பைக்கு நானூறு ரூபாய் போல் கூட. ஆனால் ஹட்டன் சந்தைக்குப் போய் வர எங்களுக்கு ஆட்டோவுக்கே ஆயிரத்துக்கு மேல் போகும், குப்பைக்குப் போனதன் கணக்கு தனி. சந்தைக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பவர்களும், பகலில் வீட்டில் ஆள் இருப்பவர்களும் இதை எடுக்கத் தேவையில்லை என்றுதான் நேர்மையாகச் சொல்வேன்.

பத்துக் கிலோ போதுமா என்றும் சிலர் கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்கிறது, உருளைக்கிழங்கை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐந்து பேருக்கு வாரம் 14 கிலோ. பையில் கிழங்கைக் கழித்தால் எட்டுக் கிலோதான் தேறும், தோல், காம்பு போக இன்னும் குறையும். மீதிக்கு வாழைப்பழம், பப்பாசி என்று வெளியில் வாங்குகிறோம், மகன் சின்ன ஆள் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறோம். முழுக் கணக்கும் இந்தப் பையில் முடிந்துவிடும் என்று நினைத்து எடுக்காதீர்கள்.

இனிக் குறைகள். முதலாவது, வெட்டிய மரக்கறிப் பக்கெட். சூப்புக்கு, ஃபிரைட் ரைஸுக்கு என்று கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா எல்லாம் அரிந்து பொலித்தீனில் கட்டி 450 ரூபாய்க்கு விற்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் முதலில் கை வைப்பது இதில்தான், நானும் வைத்தேன். மூன்று தடவை வாங்கினேன், மூன்று தடவையும் ஏமாந்தேன். மறுநாளே கோவா வாடை, ஒரு தடவை லீக்ஸ் மண்ணோடு அரியப்பட்டு சூப்பு முழுக்க நறநற. லீக்ஸை நீளவாக்கில் பிளந்து இலையிலையாகக் கழுவாமல் அரிந்தால் பிறகு எத்தனை தண்ணி ஊற்றினாலும் மண் போகாது, இது சமைக்கிற எவருக்கும் தெரியும். தம்பியிடம் சொன்னேன், "ஆள் புதுசு டீச்சர்" என்றார். வெட்டியதை வாங்க வேண்டாம். அரிந்த வல்லாரையை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம், வீட்டுக்கு வரும்போதே கறுத்திருக்கும்.

இரண்டாவது, கோவா. செப்டம்பர் முழுக்கக் கோவா, ஒவ்வொரு பையிலும் ஒரு முழுக் கோவா. சந்தையில் விலை விழுந்த நேரம் என்று பிறகு தெரிந்தது. கோவா வறை, கோவா பருப்பு, கோவா ரொட்டி, கடைசியில் மகள் வாய்விட்டே அழுதாள். இப்போது செவ்வாய்க்கு முன் வாட்ஸப்பில் சொன்னால் ஒரு சாமானை மாற்றித் தருகிறார்கள், ஒன்று மட்டும்தான். வெண்டிக்காய், பயற்றங்காய், முருங்கைக்காய் மாதிரிக் கீழ்நாட்டுச் சாமான்களை இவர்களிடம் எதிர்பார்க்க வேண்டாம், கீழேயிருந்து ஏறி வருவதற்குள் பாதி வதங்கிவிடும், விலையும் கூட.

மூன்றாவது, இரவு ஒன்பதரைக்கு அனுப்பும் வொய்ஸ் மெசேஜ். நாளைக்கு ஆறு மணிக்கு வருவோம், இல்லை ஏழரை, இல்லை பின்னேரம். ஏழு மணிக்கு நான் பஸ்ஸில் இருப்பேன். எழுத்தில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பூச்சி மருந்து விசயத்தில் அந்தத் தம்பி பேசிய விதம் எனக்குப் பிடித்தது. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி, அந்த வருசம் முடியும் முன்பே திரும்பத் திறந்துவிட்ட கூத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள், அதனால் யாராவது ஓகானிக் என்று ஸ்டிக்கர் ஒட்டினால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. இவர் ஒட்டவில்லை. கேட்டதற்கு, "மருந்தடிக்காம இங்க கோவா வராது டீச்சர், கடைசியா அடிச்சு எத்தன நாளாச்சுன்னு கேட்டுத்தான் எடுக்குறேன்" என்றார். அவர் கேட்பதும், தோட்டக்காரர் உண்மை சொல்வதும் எவ்வளவு தூரம் என்று என்னால் சொல்ல முடியாது. வெளி இலை இரண்டை உரித்துப் போட்டு, ஓடுகிற தண்ணியில் தேய்த்துத்தான் கழுவுகிறேன்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மண் சரிந்து பாதைகள் அடைபட்டபோது இரண்டு வாரம் பை வரவில்லை. முன்கூட்டிக் கட்டிய காசு போச்சு என்றே நினைத்தேன். பாதை திறந்த பிறகு விட்டுப்போன நான்கு பையையும் கணக்கு வைத்துத் தந்தார்கள், விலை ஏறிக் கிடந்த அந்த நாட்களில் 1,900ஐக் கூட்டாமல் நாலு கிலோவாகக் குறைத்தார்கள், குறைத்ததைத் துண்டிலும் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே வொய்ஸ் மெசேஜைப் பொறுத்துக்கொள்கிறேன்.

எடுக்கப் போகிறவர்கள் முதலில் புதன் பையை மட்டும் ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள், பீற்றூட், நோக்கோல், முள்ளங்கியை இலையோடு கேளுங்கள், பொலித்தீன் வேண்டாமென்றால் உங்கள் உரப்பையைக் கழுவிக் கொடுத்தால் அதிலேயே போட்டுத் தருவார்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரம் வாசலில் வைக்கச் சொல்லிவிடாதீர்கள். நாங்கள் ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தபோது வைக்கச் சொன்னோம், திரும்பி வந்து பார்த்தால் குரங்குக் கூட்டம் கூரையில் உட்கார்ந்து கரட் கடித்துக்கொண்டிருக்கிறது. கோவாவை மட்டும் தொடவில்லை.