விஎம் ரீஸ்டோர் பண்ணிக் குடுத்துட்டாங்கன்னு நிம்மதியா இருக்காதீங்க (பச்சை டிக் பாத்து ஏமாந்த கதை)

திருப்பூர்ல ஒரு சின்ன எக்ஸ்போர்ட் யூனிட்ல ஐடின்னா நான் ஒருத்தன்தான், சிசிடிவில இருந்து பிரிண்டர்ல மாட்டின பேப்பர் எடுக்கிறது வரைக்கும். சர்வர் மட்டும் வெளிய ஒரு வெண்டர்கிட்ட ஏஎம்சி (வருஷ பராமரிப்பு கான்ட்ராக்ட்). பேர் போடல, போட்டா வேற தலைவலி.

தீபாவளி போனஸ் வாரம், ஈஆர்பி (பில், ஸ்டாக், கணக்கு எல்லாம் போடுற சாஃப்ட்வேர்) ஓடுற விஎம் (சர்வருக்குள்ள சாஃப்ட்வேராவே ஓடுற தனி கம்ப்யூட்டர்) விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் ப்ளூ ஸ்கிரீன்லயே நின்னுடுச்சு. வெண்டர் ஆள் வந்தாரு, முந்தின நைட் பேக்கப்ல இருந்து புது விஎம்மா ரீஸ்டோர் பண்ணி மதியத்துக்குள்ள ஓட வெச்சுட்டாரு, நாங்களும் கும்பிடாத குறையா டீ வாங்கிக் குடுத்து அனுப்பினோம். பழைய விஎம் ஆஃப் பண்ணி அப்படியே கிடக்கட்டும், சேஃப்டிக்குன்னாரு. பேக்கப் என்ன ஆகும்னு கேட்டதுக்கு, "அது பாட்டுக்கு ஓடும் சார்". பில் 18,000, அதுல 'பேக்கப் வெரிஃபிகேஷன்'னு தனியா 4,000.

அதுக்கப்புறம் தினமும் காலைல பேக்கப் மெயில், சக்ஸஸ், பச்சை டிக். மார்கழி கடைசில டேட்டாபேஸ் கரப்ட் ஆச்சு. பரவால்ல நேத்து நைட் பேக்கப் இருக்கேன்னு தெம்பா ரீஸ்டோர் போட்டா, ஆன் பண்ண உடனே வந்து நிக்குது அதே தீபாவளி ப்ளூ ஸ்கிரீன். வயித்தைக் கலக்கிடுச்சுங்க. அதுக்கு முந்தின நாள் எடுத்தேன், அதுவும் அதே. வெச்சிருந்த 14 ரீஸ்டோர் பாயிண்டும் (ஒவ்வொரு தடவை எடுத்த பேக்கப்பும்) ஒரே பொணத்தோட 14 போட்டோ.

என்ன நடந்துச்சுன்னா, விஎம்வேர்ல (விஎம்மை ஓட்டுற சாஃப்ட்வேர்) பேக்கப் ஜாப் (தினம் தானா பேக்கப் எடுக்க செட் பண்ணி வெச்ச வேலை) விஎம்மோட பேரைப் பாக்கிறதில்ல, விசென்டர் (விஎம்வேரோட கன்ட்ரோல் சாஃப்ட்வேர்) அதுக்குக் குடுத்த ஐடி நம்பரைத்தான் பாக்குது (நாங்க வெச்சிருந்த சாஃப்ட்வேர் அப்படி). புது விஎம்மா ரீஸ்டோர் பண்ணா, பேர் அதேதான்னாலும் ஐடி மாறிடும். ஜாப்ல யாரும் கை வைக்கல, அதனால அது விசுவாசமா ஆஃப் பண்ணிக் கிடந்த பழைய விஎம்மையே தினம் எடுத்துட்டிருந்திருக்கு. செத்த விஎம்ல டிஸ்க்கோட எந்த பிளாக்கும் (துண்டும்) மாறாது, சிபிடியும் (எந்த பிளாக் மாறிச்சுன்னு கணக்கு வெக்கிற வசதி) ஒண்ணும் மாறலன்னு சொல்லும், ஜாப் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சு சக்ஸஸ்னு மெயில் போட்டுடும். பழைய விஎம்மை அழிச்சிருந்தா கூட ஜாப் கத்தியிருக்கும், எனக்கும் தெரிஞ்சிருக்கும். முன்னாடி தினம் 12, 15 ஜிபி போனது தீபாவளிக்கப்புறம் சில எம்பிதான், அந்த மெயில்லயே கீழ இருக்கு. நான் டிக்கை மட்டும் பாத்தேன், அது என் தப்பு.

ஆனா அந்த வெண்டர் ஆள் செஞ்சது மறதி இல்லன்னு இப்ப தோணுது. புது விஎம்மை ஜாப்ல சேத்தா முதல் ஓட்டம் முழு பேக்கப், 900 ஜிபி வேணும், எங்க நாஸ்ல (பேக்கப் வெக்கிற நெட்வொர்க் டிஸ்க் பெட்டி) அவ்ளோ இடமே இல்ல. டிஸ்க் வாங்குங்கன்னு சொல்லணும், மொதலாளி கேள்வி கேப்பாரு, பேசாம கிளம்பிட்டாரு. கேட்டதுக்கு "ரீஸ்டோர் மட்டும்தான் சார் எங்க ஸ்கோப்". அப்ப அந்த 4,000?

பழைய டிஸ்க்கை மவுண்ட் பண்ணி தீபாவளி வரைக்கும் டேட்டா எடுத்தோம். அதுக்கப்புறம் போட்ட சேல்ஸ் இன்வாய்ஸ் எல்லாம் இ-இன்வாய்ஸ் போர்ட்டல்ல இருந்து, பர்ச்சேஸ் ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையருங்க ஜிஎஸ்டில காட்டின பில் லிஸ்ட்) பாத்து ஓட்டினோம். டையிங், நிட்டிங்குக்கு நூல் போன டிசி (டெலிவரி சலான்) மட்டும் பேப்பர் புக்குல இருந்து கையால டைப் பண்ணோம், 3 பொண்ணுங்க, 9 நாள்.

உங்க இடத்துல யாராவது ரீஸ்டோர் பண்ணா, அவர் கிளம்புறதுக்கு முன்னாடி ஜாப்பைத் திறந்து புது விஎம் அதுல இருக்கான்னு காட்டச் சொல்லுங்க, ஒரு முழு பேக்கப்பை உக்காந்து ஓட விட்டு எத்தனை ஜிபி போச்சுன்னு பாருங்க, மறுநாள் அதுல இருந்து ஒரு ஃபைலாவது எடுத்து அதோட தேதியைப் பாருங்க. பழைய விஎம்மை ஜாப்ல இருந்து கழட்டிடுங்க, ஆனா ரீஸ்டோருக்கு முந்தின நல்ல பாயிண்ட் ஒண்ணைத் தனியா காப்பி எடுத்து வெச்சுட்டுக் கழட்டுங்க.

நேத்து ஏஎம்சி ரினியூவல் கொட்டேஷன் அனுப்பிருக்காங்க. 'டெய்லி பேக்கப் மானிட்டரிங்' லைன் அப்படியே இருக்கு, ரேட்தான் 10 பர்சென்ட் ஏத்தியிருக்காங்க.