புழுவுக்கு ஆர்என்ஏஐ எப்ப குடுக்கிறது: எல்1லயா, எல்4லயா, வளர்ந்த பிறகா?

ஆர்என்ஏஐ எண்டா இரட்டை இழை ஆர்என்ஏ குடுத்து ஒரு ஜீனை அடக்கிற முறை. திருகோணமலையில பயாலஜி ப்ராஜெக்ட் செய்யிற பிள்ளையள் எந்த ஜீனை அடக்கலாம் எண்டுதான் முதல் கேக்கிறவை, எப்ப அடக்கிறது எண்டதையும் அதோடயே யோசிக்கோணும். சி. எலிகன்ஸ் எண்ட சின்னப் புழு 20 டிகிரியில முட்டையில இருந்து எல்1, எல்2, எல்3, எல்4 எண்ட நாலு லார்வாக் கட்டம் தாண்டி மூண்டு நாள் மட்டில வளர்ந்திடும். எச்டி115 பாக்டீரியாவுக்குள்ள இரட்டை இழை ஆர்என்ஏ செய்விச்சு அதையே சாப்பாடா குடுக்கிறம், ஆனா அது ஜீனில இருந்து புரோட்டீன் செய்ய எடுக்கிற நகலான எம்ஆர்என்ஏவைத்தான் அழிக்கும், முதலே செய்து வைச்ச புரோட்டீனைத் தொடாது. குழாயை மூடினாலும் டாங்கியில கிடக்கிற தண்ணி முடியுமட்டும் வரும்தானே.

அதாலதான் எல்1 பலமானது. ப்ளீச் போட்டு முட்டை எடுத்து ஒரு இரவு எம்9 எண்ட உப்புக் கரைசலில பட்டினி போட்டா எல்லாம் எல்1ல ஒரே வயசில நிண்டிடும், பிறகு சாப்பாட்டில விட்டா வளர்ச்சி முழுக்க அடக்கத்துக்குக் கீழதான், அன்க்-22 எண்ட தசை ஜீனை அடக்கினா அதே புழுவே துடிக்கிறதைப் பாக்கலாம். ஆனா உயிருக்குத் தேவையான ஜீன் எண்டா லார்வாவிலயே நிண்டுபோகும், இல்லாட்டி முட்டையே வராது, கருவில அந்த ஜீன் என்ன செய்யுது எண்டு பாக்க ஏலாது.

எல்4 இதுக்கு நேரெதிர். மைக்ரோஸ்கோப்பில நடு வயித்தில வெள்ளை அரைப்பிறை மாதிரித் தெரிஞ்சா அதுதான் எல்4, அதை எடுத்து வைச்சா தாய் தப்பிடும், அடி முட்டைக்குப் போகும். பாஸ்-1 எண்ட ஜீனை அடக்கினா இடுற முட்டை பொரிக்காது. ஆனா முதல் நாள் முட்டையளை எண்ணாதேங்கோ, தாயை அடுத்த நாள் புதுப் பிளேட்டுக்கு மாத்திட்டு அங்க இடுறதைத்தான் எண்ணுங்கோ. ஒண்டும் தெரியாத ஜீன் எண்டா நான் எல்4தான் எடுப்பன், தாயையும் பிள்ளையளையும் சேர்த்தே பாக்கலாம்.

வளர்ந்த புழுவில தொடங்கிறது முதுமையைப் படிக்கிறவைக்கு. 2002ல ஆன்ட்ரூ டிலின் எண்ட ஆராய்ச்சியாளரும் கூட்டாளியளும் காட்டினது எனக்கு இண்டைக்கும் பிடிச்ச விசயம்: டாஃப்-2 எண்ட இன்சுலின் ரிசெப்டர் ஜீனை வளர்ந்த பிறகு அடக்கினாலும் ஆயுள் கூடுது, ஆனா மைட்டோகாண்ட்ரியா ஜீன்களை அப்ப அடக்கினா ஏடிபி குறையுதே தவிர ஆயுள் கூடேல்ல, அதுக்கு லார்வாவிலயே தொடங்கோணும்.

நரம்பு செல் வேற பிரச்சினை, சாதாரண புழுவில எந்த வயசில குடுத்தாலும் லேசில அடங்காது, ஆர்என்ஏஐக்குக் கூடுதலா அடங்கிற ஆர்ஆர்எஃப்-3 மியூட்டன்ட் எடுங்கோ.

எங்கட ஊர்ச் சூட்டுக்கு இன்குபேட்டர் இல்லாம இது சரிவராது. 25 டிகிரிக்கு மேல போனா ஜீன் துண்டு இல்லாத வெறும் எல்4440 பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியா குடுத்த கன்ட்ரோல் புழுவே முட்டை குறைச்சிடும், பிறகு சூடா ஜீனா எண்டு பிரிக்க ஏலாது.