ட்யூப்லைட்டா, கும்மிருட்டா, டிவிக்குப் பின்னால் ஒரு விளக்கா?

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று, விடிவதற்கு முன்னால் வைகைக் கரையில் நான் எடுத்த வீடியோவை, செல்லூரில் சித்தப்பா வீட்டு டிவியில் போட்டேன். சர்க்கரைச் செம்பின் மேல் எரிகிற சூடம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் செம்பைப் பிடித்திருந்த கையைக் காணோம், அதற்குப் பின்னால் தோளில் தோப்பறையோடு, அதாவது தண்ணீர் பீய்ச்சுகிற தோல் பையோடு, நின்றவரையும் காணோம், எல்லாம் ஒரே கறுப்பு. "என்னடா, பாதி ஆளைக் காணோம்?" என்றார் சித்தப்பா. என் வீட்டில் இதே வீடியோவில் தோப்பறையின் தோல் மடிப்புகூடத் தெரிந்தது. டிவிக்கு வயசாகிவிட்டது, ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற திரை) வாங்கிவிடலாம் என்று அவர் பேச ஆரம்பிக்க, நான் எழுந்துபோய் ட்யூப்லைட்டை அணைத்தேன். ஆள் வந்துவிட்டார்.

திரையில் நாம் பார்க்கிற கறுப்பு டிவி கொடுக்கிற கறுப்பு மட்டும் இல்லை. அறை வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்புகிறதே, அதுவும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். திரை மேல் 100 லக்ஸ் (ஒரு பரப்பில் விழுகிற வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் விழுகிறது, அதில் நூற்றில் ஒரு பங்கு பரவலாகத் திரும்புகிறது என்று வைத்தால், திரை முழுக்க 0.3 நிட் (திரையின் பிரகாசத்தை அளக்கிற அலகு) அளவுக்கு ஒரு சாம்பல் பூச்சு படிந்துவிடும். டிவியின் வெள்ளை 100 நிட், காமா (வீடியோ சிக்னலை வெளிச்சமாக மாற்றுகிற வளைவு) 2.4 என்றால், முழு வெள்ளையை 100 சதவீதமாக வைத்து 5 சதவீத சிக்னலில் இருக்கிற இருட்டு விவரம் வெறும் 0.08 நிட்தான். 2 சதவீதத்தில் இருப்பது 0.008 நிட். முதலாவது இழுத்துப் பறித்துத் தெரியும், இரண்டாவது அந்தப் பூச்சுக்குள் மூழ்கியே போய்விடும். தோப்பறைக்காரர் அங்கேதான் மூழ்கியிருந்தார்.

புது டிவி வாங்குகிறவர்கள் இதை அவசியம் யோசிக்க வேண்டும். வெள்ளை 100 நிட் இருக்கும்போது, 1000:1 கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம்) உள்ள ஐபிஎஸ் என்கிற எல்சிடி பேனலின் கறுப்பு 0.1 நிட், 3000:1 உள்ள விஏ என்கிற இன்னொரு எல்சிடி பேனலில் 0.03, ஓஎல்இடியில் பூஜ்யம். இருட்டறையில் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ட்யூப்லைட் எரிகிற ஹாலில் மூன்றோடும் அந்த 0.3-ஐக் கூட்டுங்கள்: 0.4, 0.33, 0.3. அவ்வளவுதான், கொடுத்த காசு சுவரில் இருக்கிற விளக்கோடு போச்சு. ஓஎல்இடியிலும் க்யூடி-ஓஎல்இடி வகையில் வெளி வெளிச்சத்தைத் தடுக்கிற போலரைசர் என்கிற படலம் கிடையாது என்பதால், வெளிச்சத்தில் அதன் கறுப்பு லேசாக ஊதா கலந்த சாம்பலாகவே தெரியும். பளபளப்புத் திரை என்றால் ட்யூப்லைட் ஒரு கோடாக நடுவில் தெரியும், மேட் திரை என்றால் அதையே படம் முழுக்கப் பரப்பிவிடும்.

அப்படியானால் முழு இருட்டுதான் சரி என்று தோன்றும். ஓஎல்இடி வைத்திருந்தால் ஆமாம், இருட்டு விவரத்துக்கு அதை அடிக்க ஆளில்லை. ஐபிஎஸ் டிவியில் அப்படிச் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் அணைத்த பிறகு அதன் கறுப்பு சாம்பலாக நிற்பது கண்ணுக்கு நன்றாகவே தெரியும், மூலைகளில் வெளிச்சம் கசிவதும் தெரியும். சுற்றிலும் இருட்டாக இருந்தால் அதே படம் நம் கண்ணுக்குக் கான்ட்ராஸ்ட் குறைந்து, வெளிறினதுபோலத் தோன்றும் என்பதும் இதில் சேர்த்தி. அப்புறம், கும்மிருட்டில் இருந்து சட்டென்று பகல் காட்சிக்குப் போகும்போது கண் கூசுகிறது, இரண்டு மணி நேரத்தில் அசந்துவிடுகிறது.

என் ஓட்டு டிவிக்குப் பின்னால் வைக்கிற விளக்குக்கு. வெளிச்சம் சுவரில் படும், திரையில் நேராக விழாது, அதனால் மேலே சொன்ன பூச்சு வெகுவாகக் குறைந்துவிடும். சுற்றி மெல்லிய ஒளி இருப்பதால் கறுப்பு இன்னும் கறுப்பாகத் தோன்றும், கண்ணும் களைக்காது. டிவியின் யூஎஸ்பியில் செருகுகிற எல்இடி பட்டையே போதும். நிறம்தான் முக்கியம்: படங்களின் வெள்ளை 6500 கெல்வினை (ஒளியின் நிறத்தைச் சொல்கிற அலகு) ஒட்டியது, நம்மூர் கடைகளில் கூல் டே லைட் என்று கேட்டால் கொடுப்பதும் அதுதான். மஞ்சள் பல்பு வைத்தால் படம் நீலம் பாய்ந்ததுபோலத் தெரியும். கலர் மாறுகிற பட்டையும் பச்சை விடிவிளக்கும் வேண்டாம், ரோஸ் கலர் பெயின்ட் அடித்த சுவரும் இப்படியே படத்தின் நிறத்தைக் கெடுக்கும். சுவரின் ஒளி திரையின் வெள்ளையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கைத் தொடவே முடியாத வீடு என்றால் செட்டிங்ஸ் மிச்சம் இருக்கிறது. முதலில் பேக்லைட்டை (டிவிக்குள்ளேயே இருக்கிற விளக்கை) ஏற்றுங்கள், பிறகு காமாவை 2.4-லிருந்து 2.2-க்கு இறக்குங்கள், அந்த 5 சதவீத விவரம் 0.08-லிருந்து 0.14 நிட்டாக ஏறிவிடும். எவ்வளவு இருட்டாக்கியும் கறுப்பு அப்பிக்கொண்டே இருந்தால் கோளாறு அறை வெளிச்சத்தில் இல்லை, செட்டாப் பாக்ஸ் கறுப்பு 0, வெள்ளை 255 என்று முழு அளவில் அனுப்ப, டிவி கறுப்பு 16, வெள்ளை 235 என்று எடுத்துக்கொண்டிருக்கலாம், எச்டிஎம்ஐ பிளாக் லெவலை மாற்றிப் பாருங்கள். பகலில் ஜன்னலுக்கு எதிரே டிவி இருந்தால் இதெல்லாம் எடுபடாது, நம்ம ஊர் வெயிலுக்குத் தடித்த திரைச்சீலை ஒன்றுதான் வழி.

சித்தப்பா வீட்டில் இன்னொரு சிக்கல் இருந்தது. சாயங்காலம் சித்தி ஹாலில் உட்கார்ந்துதான் மல்லிகை கட்டுவார், அவருக்கு வெளிச்சம் வேண்டும். டிவிக்கு எதிர்ச் சுவரில் இருந்த ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, அவர் உட்காருகிற மூலையில் கீழ்நோக்கி ஒரு மேஜை விளக்கும், டிவி பின்னால் பட்டையும் வைத்துக் கொடுத்தேன். வீடியோவை மறுபடி போட்டதும் சித்தி நாரைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்து, "அந்தத் தோப்பறைக்காரர் நம்ம பால்காரர்டா!" என்றார்.