அயர்லாந்தா, ஐஸ்லாந்தா: அரசியலமைப்பைத் திருத்த எந்த வழி?

சாதாரண மக்களை உட்கார வைத்துப் பேசவிட்டு அரசியலமைப்பைத் திருத்த முடியுமா? 2008 வங்கிச் சரிவில் பலமாக அடிவாங்கிய இரண்டு தீவு நாடுகள் இதை நிஜமாகவே செய்து பார்த்தன. ஐஸ்லாந்து எல்லாக் கதவையும் திறந்து வைத்தது, அயர்லாந்து அவ்வளவு தூரம் போகவில்லை, ஆனால் மாற்றம் நடந்தது அயர்லாந்தில்தான்.

முதலில் ஐஸ்லாந்து. 2010 நவம்பரில், குலுக்கலில் தேர்வான சுமார் 950 பேர் ஒரு நாள் கூடி, புது அரசியலமைப்பில் என்ன வேண்டும் என்று பேசினார்கள். அதை எழுத 25 பேரைத் தேர்ந்தெடுக்கத் தேர்தலும் அதே மாதம் நடந்தது, போட்டியிட்டவர்கள் 522 பேர். தேர்தல் நடந்த விதத்தில் குறை கண்ட உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றதும், நாடாளுமன்றம் கிட்டத்தட்ட அதே ஆட்களை நியமனக் குழுவாக உட்கார வைத்தது. அவர்கள் எழுத எழுத வரைவை இணையத்தில் போட்டார்கள், ஃபேஸ்புக்கில் வந்த கருத்துகளைப் படித்துத் திருத்தினார்கள், நான்கே மாதத்தில் முழு வரைவையும் முடித்தார்கள். 2012 அக்டோபர் வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆதரவு. அப்புறமும் 2013 தேர்தலுக்கு முன் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை.

அங்கே ஒரு நாடாளுமன்றம் திருத்தத்தை ஏற்று, தேர்தல் நடந்து, அடுத்த நாடாளுமன்றமும் அதையே ஏற்க வேண்டும். எழுதிய குழுவில் எம்.பி.க்கள் யாருமில்லை, அதனால் அந்த வரைவுக்காக உள்ளே நின்று சண்டை போட ஆள் குறைவு. இயற்கை வளங்கள் தேசத்தின் சொத்து என்ற பிரிவு மீன்பிடி ஒதுக்கீடு, அதாவது இவ்வளவு மீன் பிடிக்கலாம் என்ற உரிமை, வைத்திருந்தவர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தது வேறு.

அயர்லாந்து 2012இல் கூட்டிய மாநாட்டில் 66 குடிமக்களோடு 33 அரசியல்வாதிகளும் உட்கார்ந்தார்கள். அது பரிந்துரைத்த ஒருபாலினத் திருமணம் 2015இல் 62 சதவீத ஆதரவோடு வென்றது. அடுத்து 2016இல் குடிமக்கள் பேரவை: 99 பேரும், தலைவராக நீதிபதி மேரி லாஃபோயும், அரசியல்வாதிகள் கிடையாது. கையில் எடுத்தது நாட்டையே இரண்டாகப் பிளந்திருந்த கருக்கலைப்பு. மாலஹைட் ஊரில் ஒரு ஹோட்டலில் ஐந்து வார இறுதிகள். ஒவ்வொரு வட்ட மேசையிலும் பேச்சை நடத்திச் செல்ல ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் பேசினார்கள், இரு தரப்பு இயக்கங்களும் வந்து வாதாடின, பெண்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்ன ஒலிப்பதிவுகளை எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள். ஒரே விஷயத்தில் இவ்வளவு நேரம் எதிர்த்தரப்பைக் காது கொடுத்துக் கேட்கும் வாய்ப்பு எந்த எம்.பி.க்குக் கிடைக்கிறது சொல்லுங்கள்! அறிக்கை நேராக நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்குப் போனது, 2018 மே மாதம் வாக்கெடுப்பு நடந்தது, கருக்கலைப்புத் தடையை நீக்க 66.4 சதவீதம் ஆதரவு.

என் பார்வையில் அயர்லாந்தின் பலம் இந்தத் தொடர்ச்சிதான். கேள்வி குறுகியது, அடுத்து யார் கையில் போகும் என்பது தொடங்கும்போதே தெரியும். ஐஸ்லாந்து ஒரே மூச்சில் முழு அரசியலமைப்பையும் எடுத்துக்கொண்டதால், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு எதிரி முளைத்தார்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவையும் சொல்ல வேண்டும். அங்கே குடிமக்கள் பேரவை பரிந்துரைத்த தேர்தல் முறைக்கு 2005இல் 57.7 சதவீதம் கிடைத்தும் தோற்றது, ஏனென்றால் அரசு முன்கூட்டியே 60 சதவீதம் என்று கோடு போட்டிருந்தது. இது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

சரி, எதை எடுப்பது? அயர்லாந்தின் முறையைத்தான் எடுப்பேன், ஆனால் வரைவை எழுதும்போதே பொதுவில் போடும் ஐஸ்லாந்துப் பழக்கத்தையும் சேர்த்து. காரணம் 2024 மார்ச்: அயர்லாந்தில் வீட்டில் பராமரிப்பு வேலை பற்றிய பிரிவுக்குக் குடிமக்கள் பேரவை ஒரு மாற்றத்தைப் பரிந்துரைக்க, அரசு அதைவிட நீர்த்துப்போன வாசகத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது. அந்த வாசகத்தைப் பராமரிப்பாளர்களிலும் மாற்றுத்திறனாளிகளிலும் பலர் கடுமையாக எதிர்த்தார்கள், 73.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எழுதும்போதே வெளியிட்டுக் கருத்து கேட்டிருந்தால், இந்த எதிர்ப்பு வாசகத்தைத் திருத்த நேரம் இருந்தபோதே வந்திருக்கும்.