பயந்த மட்டக்குதிரைக்கு யார் துணை: ஒரு கிழட்டுக் குதிரையா, மந்தையா?

பிரிட்டனில் மீட்கப்படும் டார்ட்மூர், வெல்ஷ் மட்டக்குதிரைகளில் சில, கைபட்டாலே நடுங்கும். சவாரிக்கு ஆகாது, துணையாக நன்றாகவே வாழும்.

நிதானமான ஒரு கிழட்டுக் குதிரையோடு விடுவதுதான் எங்கள் முதல் தேர்வு. அது மனிதரிடம் தயங்காமல் வருவதைப் பார்த்துப் பார்த்தே புதியதும் நெருங்கும். தீவன வாளியை வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். காது முன்னே திரும்பி, எதையோ மெல்லுவதுபோல் வாயை அசைத்தால் பதற்றம் இறங்குகிறது. முதல் வாரம் நடுவில் வேலி இருக்கட்டும், மோப்பம் பிடித்துப் பழகும். ஆபத்து அதீத ஒட்டுதல்: கிழத்தை லாடக்காரரிடம் கொண்டுபோனாலே இது வேலியில் மோதும். கிழம் இறந்தால் மறுபடி தனிமை.

மந்தையில் அந்தக் கவலை இல்லை. ஆனால் புதியது மூலையில் மாட்டி உதை வாங்கும். அதைக் குறைக்க, உலர்புல்லைக் குதிரைகளின் எண்ணிக்கையைவிட ஒரு குவியல் கூடுதலாக, தள்ளித் தள்ளிப் போடுங்கள். பெரிய குறை வேறு. மற்றவற்றின் பின்னால் ஒளிந்தே பழகுவதால், 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவப் பிடிக்கவே முடியாது. தலைக்கயிறு மாட்டப் பழகிய பிறகு மந்தைக்கு அனுப்பலாம்.

எங்கே விட்டாலும் வசந்தகாலப் பசும்புல்லை அளந்தே மேயவிடுங்கள். மட்டக்குதிரைக்குக் குளம்பழற்சி, அதாவது குளம்பின் உட்பகுதி அழன்று வலிக்கும் நோய், சீக்கிரம் வரும்.