குடை வாங்கியும் நனைந்த கதை: கலிஃபோர்னியாவில் கார் ஓட்டுகிறவர்கள் கவனத்துக்கு

உங்கள் கார் இன்ஷூரன்ஸின் டிக்ளரேஷன் பேஜை, அதாவது எந்தக் கவரேஜ் எவ்வளவு என்று போட்டிருக்கும் முதல் பக்கத்தை எடுத்து, 'அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட்' (மோதியவரிடம் இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் நமக்குப் பணம் தரும் கவரேஜ்) என்ற வரிக்கு நேரே என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 30/60, அதாவது ஒருவருக்கு 30,000, ஒரு விபத்துக்கு 60,000 டாலர் என்று இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். முழுக்கப் படிக்க நேரமில்லாவிட்டாலும் அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள்.

2022-ல் ஃப்ரீமாண்டில் வீடு வாங்கினோம். அடுத்த பொங்கல் விழாவில் ஸ்டால் போட்டிருந்த ஒரு ஏஜென்ட் பிடித்துக்கொண்டார். மதுரைப் பக்கம், பேச்சிலேயே சொந்தக்காரர் ஆகிவிடுவார். "அக்கா, வீடு வாங்கிட்டீங்க. இனிமே யாரையாவது லேசா இடிச்சாலும் கேஸ் வீட்டு மேலதான் வரும். ஒரு அம்ப்ரெல்லா பாலிசி போட்டுடுங்க. பேரே குடை. எது வந்தாலும் நனைய மாட்டீங்க." 10 லட்சம் டாலர் பாதுகாப்பு, வருடத்துக்கு 300 டாலர்கூட இல்லை. யார் வேண்டாம் என்பார்கள்?

ஒரு சிக்கல் இருந்தது. கார் பாலிசியில் லயபிலிட்டி (நம் தவறால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்குக் கட்டும் தொகை) 250/500 இருந்தால்தான், அதாவது ஒருவருக்கு 2,50,000, ஒரு விபத்துக்கு 5,00,000 டாலர் இருந்தால்தான், அந்தக் கம்பெனி அம்ப்ரெல்லா கொடுக்கும். எங்களுடையது 100/300. ஏற்றினார். பிரீமியமும் ஏறியது, என் வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. "சார், கவலையே படாதீங்க, அங்கங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று மடிக்கணினியை நாலு தட்டு தட்டினார். பிரீமியம் இறங்கிவிட்டது. என்னத்தை அட்ஜஸ்ட் செய்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. மெயிலில் வந்த ஆவணத்தில் கையெழுத்துக்கான மஞ்சள் கட்டம் தெரிந்த இடத்திலெல்லாம் விரலை வைத்துக்கொண்டே போனோம். அடுப்பில் பால் இருந்தது, அவசரம்.

2023 அக்டோபரில் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, எங்களுக்குப் பச்சை விழுந்து பாதி சந்திப்பைக் கடந்திருப்போம், சிவப்பைத் தாண்டி வந்த ஒரு கார் என் பக்கத்துக் கதவில் மோதியது. எனக்கு இடுப்பெலும்பும் இடது தொடையெலும்பும் உடைந்தன. அம்மாவுக்கு மணிக்கட்டு. நாலு மாதம் வாக்கர் பிடித்து நடந்தேன். வலியைப் பற்றி ஆரம்பித்தால் சொல்ல வந்தது போய்விடும்.

மோதிய பையனிடம் இருந்த இன்ஷூரன்ஸ் 15/30/5 (கடைசி எண் அடுத்தவர் கார், சொத்துச் சேதத்துக்கு). அன்றைக்குச் சட்டப்படி அதுவே போதும். 1967-ல் வைத்த தொகை, 2024 முடியும்வரை அப்படியே கிடந்தது. ஒருவர் காயத்துக்கு 15,000 டாலர். என் மருத்துவமனை பில் மட்டும் 1,80,000 டாலருக்கு மேல். அவன்மேல் வழக்குப் போடலாமே என்றால், அவனிடம் வீடும் இல்லை, சேமிப்பும் இல்லை. ஜெயித்தாலும் தீர்ப்புக் காகிதத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் பதறவில்லை. நம்மிடம்தான் குடை இருக்கிறதே! ஏஜென்டைக் கூப்பிட்டேன்.

"அக்கா... அம்ப்ரெல்லா வந்து, நீங்க யாரையாவது இடிச்சீங்கன்னா அவங்களுக்குக் குடுக்கறதுக்கு. உங்களை யாராவது இடிச்சா அது வராது."

"எது வந்தாலும் நனைய மாட்டீங்கன்னு சொன்னீங்களே தம்பி?"

"அது பொதுவா சொல்றது அக்கா."

பொதுவாகச் சொன்னாராம். அம்ப்ரெல்லா என்பது லயபிலிட்டி பாலிசி. நம் தவறால் அடுத்தவர் அடிபட்டு, கார் பாலிசியின் தொகை போதாமல் போனால் மிச்சத்தைக் கட்டும். அடுத்தவர் தவறால் நாம் அடிபட்டு, அவரிடம் இன்ஷூரன்ஸ் இல்லை அல்லது போதவில்லை என்றால், நமக்குப் பணம் தர வேண்டியது நம் கார் பாலிசியில் இருக்கும் அன்இன்ஷூர்டு / அண்டர்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட் கவரேஜ். அவர் 'அட்ஜஸ்ட்' செய்தது சரியாக அந்த வரியைத்தான். 100/300 இருந்ததை 30/60 ஆக்கியிருந்தார். இதை இறக்கச் சம்மதம் என்று அந்த ஆவணத்தில் ஒரு இடம் இருந்தது. ஒப்புக்கொண்டிருந்தோம். மஞ்சள் கட்டம். அதனால்தான் அவர்மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. கையெழுத்து இருக்கிறதே என்று வக்கீலும் கையை விரித்துவிட்டார்.

இதிலும் ஒரு உள்குத்து உண்டு. அவனுடைய 15,000, எங்களுடைய 30,000, ஆக 45,000 என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். இந்த மாநிலத்தில் அப்படிக் கூட்ட மாட்டார்கள், கழிப்பார்கள். நம் 30-லிருந்து அவன் கொடுத்த 15-ஐக் கழித்து மீதி 15 மட்டும் தருவார்கள். மொத்தமே 30,000. வக்கீலுக்கு மூன்றில் ஒரு பங்கு. அப்புறம், என் சிகிச்சைக்குப் பணம் கட்டிய ஹெல்த் இன்ஷூரன்ஸ், வீட்டுக்காரர் ஆபீசின் சொந்த நிதியில் ஓடும் பிளான், "விபத்துப் பணம் வந்ததாமே, எங்கள் பங்கு எங்கே?" என்று கடிதம் போட்டது. வக்கீல் பேரம் பேசிக் குறைத்தபின் என் கைக்கு வந்தது 9,000 டாலர் சொச்சம். அம்மாவுக்கு எடுத்திருந்த விசிட்டர் இன்ஷூரன்ஸ் எதற்கு எவ்வளவு என்று அட்டவணை போட்டுக் கொடுக்கும் மலிவு ரகம். அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் திட்டி எழுதுகிறேன்.

இப்போது ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், 2025 ஜனவரி 1 முதல் இங்கே குறைந்தபட்ச லயபிலிட்டி 30/60/15 ஆகிவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் மேலே சொன்ன கழித்தல் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். மோதியவரிடம் 30, உங்களிடமும் 30/60. முப்பதில் முப்பது போனால் பூஜ்யம். மோதியவரிடம் இன்ஷூரன்ஸே இல்லாதபோதும், மோதிவிட்டு ஓடும்போதும் தவிர, அந்தக் கவரேஜுக்கு நீங்கள் கட்டுவது தண்டம்.

நாங்கள் இப்போது அந்தக் கவரேஜை 250/500-க்கு ஏற்றிவிட்டோம். இரண்டு காருக்கும் சேர்த்து ஆறு மாதத்துக்கு 90 டாலர் கூடியது. இந்தத் தொண்ணூறை மிச்சப்படுத்தித்தான் அன்றைக்கு அவர் பிரீமியத்தை இறக்கிக் காட்டினார். சில கம்பெனிகள் அம்ப்ரெல்லாவின் மேலேயே இந்தக் கவரேஜைத் தனிச் சேர்ப்பாகக் கொடுக்கின்றன. தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். "இருக்கு அக்கா" என்று வாயால் சொன்னால் போதாது, மெயிலில் எழுதி வாங்குங்கள்.

மோதிவிட்டு ஓடிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிய வேண்டும், 30 நாளுக்குள் உங்கள் கம்பெனிக்குச் சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டும். மோதியவரின் இன்ஷூரன்ஸ் கம்பெனி காசோலையை நீட்டினால், உங்கள் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இது எங்கள் வக்கீல் முதல் நாளே சொன்னது.

இந்த வருடப் பொங்கலுக்கும் அந்தத் தம்பி ஸ்டால் போட்டிருந்தார். மேசைமேல் அழகுக்கு ஒரு சின்ன மஞ்சள் குடை விரித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் யாரோ கூப்பிட்டதுபோல் பின்பக்கம் திரும்பிக்கொண்டார்.