டிஃபெண்டரா, ஃபால்கனா?

நாற்பது கணினி உள்ள அலுவலகத்துக்கு மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஃபார் பிசினஸ் போதுமா, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஃபால்கன் வேண்டுமா என்று பலர் குழம்புகிறார்கள். இரண்டுமே கணினிகளைத் தாக்குதலிலிருந்து காக்கும் மென்பொருள்கள்.

செலவு
டிஃபெண்டர்: மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் சந்தாவிலேயே அடங்கும். 300 பயனர் வரை, ஆளுக்கு 5 சாதனங்கள். சர்வருக்குத் தனி உரிமம்.
ஃபால்கன்: கணினிக் கணக்கில் கட்டணம். அடிமட்டத் திட்டத்தில் வைரஸ் தடுப்புதான் பிரதானம். தாக்குதலின் தடத்தைத் துருவிப் பார்க்கும் வசதிக்கு மேல் திட்டம் வேண்டும்.

நிறுவுதல்
டிஃபெண்டர்: விண்டோஸ் 10, 11-இல் ஏற்கெனவே இருக்கிறது, இணைத்தால் போதும்.
ஃபால்கன்: ஒவ்வொரு கணினியிலும் சென்சார் என்ற சிறு மென்பொருளை நிறுவ வேண்டும்.

கண்டறிதல்
இரண்டுமே கணினியில் ஓடும் நிரல்களின் நடத்தையைக் கவனிப்பவை. வேர்டு கோப்பு ஒன்று திடீரென்று பவர்ஷெல்லை (விண்டோஸின் கட்டளைக் கருவி) கிளப்பினால் சந்தேகப்படும். அந்தக் கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கவும் முடியும். சரி, நள்ளிரவு 2 மணிக்கு எச்சரிக்கை வந்தால் யார் பார்ப்பது? டிஃபெண்டர் ஓரளவு தானே விசாரித்துச் சரிசெய்யும். மிச்சம் உங்கள் பாடு. ஃபால்கன் கம்ப்ளீட் என்ற திட்டத்தை வாங்கினால் கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஆட்களே 24 மணி நேரமும் பார்த்துக்கொள்வார்கள். விலை கூடுதல்தான், ஆனால் என் கணக்கில் இதுதான் ஃபால்கனுக்குக் காசு கொடுக்க உண்மையான காரணம்.

நம்பகம்
2024 ஜூலை 19-இல் ஃபால்கனின் பிழையான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் (விண்டோஸ் முடங்கும்போது வரும் பிழைத்திரை) நிறுத்தியது. அப்டேட்டைப் படிப்படியாக அனுப்பும் கட்டுப்பாடு அதன்பிறகு வாடிக்கையாளர் கைக்கு வந்தது. வாங்கினால் அதை அமைக்காமல் விடாதீர்கள்.

பிசினஸ் பிரீமியம் ஏற்கெனவே இருக்கிறதா? டிஃபெண்டரை முழுதாக இயக்குங்கள். லினக்ஸ் சர்வர்கள் நிறைய, இரவில் பார்க்க ஆளில்லை என்றால் ஃபால்கன் கம்ப்ளீட்.